பழைய சோலார் ஹீட்டர் சூட்டில் மெதுவாக ஓடும் ஏர் கம்ப்ரசர்: வீட்டில் செய்ய முடியுமா?

ஜாலஹள்ளி மாடி

வணக்கம். வீட்டில் புது சோலார் ஹீட்டர் மாட்டியாகிவிட்டது. பழையது மொட்டைமாடி மூலையில் கிடக்கிறது. 200 லிட்டர் டேங்க், வெயிலில் தண்ணீரைச் சூடாக்கும் 15 வாக்யூம் கண்ணாடி ட்யூப். வெளித்தகடு துருப்பிடித்திருக்கிறதே தவிர, உள்ளே ஒழுகல் எதுவும் இல்லை. பழைய இரும்பு வாங்கும் குஜிரிக்காரர் சொன்ன விலையைக் கேட்டதும் கொடுக்க மனம் வரவில்லை.

என் யோசனை இது. மாடியில் மீன் வளர்க்கிற பேரல்கள் இருக்கின்றன. பக்கத்தில் சின்ன ஒர்க்‌ஷாப் மாதிரி ஒரு ஷெட். இரண்டுக்குமே காற்று வேண்டும். கடையில் விற்கும் பிஸ்டன் கம்ப்ரசரை ஓடவிட்டால் கீழ்வீட்டில் இருப்பவர்கள் சண்டைக்கு வந்துவிடுவார்கள். அதனால் வெயில் சூட்டிலேயே நிமிடத்துக்கு இருபது முப்பது தடவை மட்டும் அசையும் ஒரு கம்ப்ரசர் செய்ய ஆசை. பகல் முழுக்க மெதுவாக ஓடி 100 லிட்டர் டேங்கை 7 பார் அழுத்தம் வரை (ஒரு பார் என்பது கிட்டத்தட்ட கடல்மட்டத்தில் வெளிக்காற்றின் அழுத்தம்) நிரப்பினால் போதும். சாயங்காலம் பெயிண்ட் ஸ்ப்ரேக்கும் ராத்திரி மீன்களுக்கும் அதிலிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

வெல்டிங், டிரில்லிங் எனக்கு வரும். லேத் கிடையாது. செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பேனல் பிரியன்

பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் ஒரு 20 வாட் சோலார் பேனல், ஒரு 12 வோல்ட் ஏர் பம்ப், பைக் பேட்டரி ஒன்று. வேலை முடிந்தது. ஒரு சதுர மீட்டர் வெயிலில் பேனல் 200 வாட் கரண்ட் தரும். நீங்கள் சூட்டில் செய்யப்போவது 10 வாட் தந்தாலே பெரிய விஷயம். எதற்கு இந்தப் பாடு?

ஜாலஹள்ளி மாடி

அது தெரியும் சார். பேனலுக்குத் தனியாக வேறு விவாத இழைகள் ஏகப்பட்டவை இருக்கின்றன. இங்கே சூட்டைப் பற்றி மட்டும் பேசுவோம்.

ஓய்வு வாத்தியார்

பாலிடெக்னிக்கில் தெர்மோடைனமிக்ஸ் எடுத்தவன் என்ற முறையில் ஒரே ஒரு கணக்கை முதலில் போட்டுவிடுகிறேன். மற்ற எல்லாம் அதிலிருந்துதான் வரும்.

மூடிய டப்பாவில் இருக்கும் காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்பது டப்பாவின் அளவைப் பொறுத்ததல்ல. கெல்வினில் எடுத்த வெப்பநிலைகளின் விகிதத்தைப் பொறுத்தது. 30 டிகிரி என்றால் 303 கெல்வின், 90 டிகிரி என்றால் 363. ஒன்றை இன்னொன்றால் வகுத்தால் ஏறத்தாழ 1.2. கொதிக்கக் கொதிக்கச் சூடாக்கினாலும் அழுத்தம் ஐந்தில் ஒரு பங்குதான் கூடுகிறது.

அதிலும் நம் பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே. இங்கே வெளிக்காற்றின் அழுத்தமே 0.91 பார்தான். அதில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் 0.18 பார். தண்ணீர் உயரத்தில் சொன்னால் 1.8 மீட்டர். தம்பி கேட்ட 7 பாருக்கும் இதற்கும் எவ்வளவு தூரம் என்று பாருங்கள்.

ஒரு டப்பாவின் காற்றை அடுத்த டப்பாவுக்குக் கொடுத்து மறுபடி ஏற்றலாம், அதையே அடுத்ததற்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு கட்டத்திலும் 1.2 மடங்கு. அப்படி 7 பாரைத் தொட, ஒரு சொட்டுக்கூட ஒழுகாத கனவு மெஷினுக்கே 12 கட்டங்கள் வேண்டும். கையால் செய்ததற்கு இருபதுக்கும் மேல் ஆகும்.

அதனால் அழுத்தத்தைத் துரத்தாதீர்கள். இந்தச் சூடு தருவது குறைந்த அழுத்தத்தில் நிறையக் காற்று. அதற்குத் தகுந்த வேலையைத் தேடுங்கள்.

சிவாஜிநகர் பஞ்சர்கடை

சார், அப்போ டயருக்குக் காத்து?

ஓய்வு வாத்தியார்

கார் டயருக்கு 30 பிஎஸ்ஐ என்றால் வெளிக்காற்றைவிட 2 பாருக்குச் சற்று மேல். மொத்த விகிதம் 3.3. அதற்கே ஏழு கட்டம். வாக்யூம் ட்யூபைக் காயவிட்டு, காற்றை 150 டிகிரிக்குக் கொண்டுபோனால் ஒரு கட்டத்துக்கு 1.4 மடங்கு கிடைக்கும், நாலு கட்டத்தில் முடியும். தாளில்தான் சொல்கிறேன். கடையில் இருக்கும் மோட்டாரை விற்றுவிடாதீர்கள்.

கேஜிஎஃப் பேரன்

என் தாத்தா கோலார் தங்கவயலின் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிரில்லர். சுரங்கத்துக்குள் டிரில் எல்லாம் அமுக்கின காற்றில்தான் ஓடும் என்று கதை கதையாகச் சொல்வார். அந்தத் தங்கவயலுக்காகத்தான் 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து கரண்ட் இழுத்தார்கள். காற்று என்றால் எனக்கு ரத்தத்திலேயே ஒரு பாசம்.

விஷயத்துக்கு வருகிறேன். காற்றைச் சூடாக்கினால் அழுத்தம் போதவில்லை என்றால், கொதித்து ஆவியாகும் எதையாவது சூடாக்கலாமே? பழைய ஃப்ரிட்ஜ், கார் ஏசி இதிலெல்லாம் இருக்கிற ஆர்-134ஏ கேஸ் 30 டிகிரியில் 7.7 பார், 80 டிகிரியில் 26 பார். நடுவில் 18 பார் வித்தியாசம் சும்மா கிடைக்கிறது. ஒரு பக்கம் அந்த கேஸ் ஒரு டயாஃப்ரத்தை, அதாவது வளைந்து கொடுக்கும் சவ்வைத் தள்ள, மறுபக்கம் காற்று அமுங்க... அண்ணன்மார்கள் என்ன சொல்கிறீர்கள்?

பீன்யா பிட்டர்

தம்பி, வேண்டாம். 26 பார் என்பது மொட்டைமாடியில் வெல்டிங் வைத்து விளையாடுகிற அளவு இல்லை. அந்த கேஸை வெளியே விடுவதும் தப்பு. பிலானியில் உள்ள பிட்ஸ் கல்லூரியில் 1970களில் பென்டேன் ஆவியை வைத்து சோலார் பம்ப் செய்து பார்த்தார்கள் என்று படித்திருக்கிறேன். அது 36 டிகிரியிலேயே கொதிக்கும், அழுத்தமும் அடக்கமாக இருக்கும், யோசனை அருமை. ஆனால் பெட்ரோல் மாதிரி பற்றிக்கொள்ளும். லேபில் செய்யலாம். துணி காயப்போடுகிற மாடியில் செய்யக்கூடாது.

குறைந்த அழுத்தம்தானே என்று அசட்டையாக இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வாத்தியார் சொன்ன அந்த 0.18 பாரையே எடுத்துக்கொள்ளுங்கள். 30 சென்டிமீட்டர் விட்டமுள்ள டிரம் மூடியின் மேல் அது எவ்வளவு பாரம் போடும் தெரியுமா? 130 கிலோ. பெயிண்ட் டிரம் மூடி புஸ்ஸென்று உப்பும். மெஷினின் ஒவ்வொரு அசைவுக்கும் உப்பி அமுங்கினால் நீங்கள் ஏற்றிய அழுத்தம் முழுக்க மூடியை ஆட்டுவதிலேயே போய்விடும். மூடிக்குக் குறுக்கே இரும்பு ஆங்கிள் வைத்துப் பற்றவையுங்கள், இல்லாவிட்டால் குழிவான அடிப்பாகம் உள்ள டிரம் தேடுங்கள். சதுரப் பெட்டி செய்யலாம் என்று ஒரு ஆசை வரும், அதை அப்படியே விட்டுவிடுங்கள்.

அப்புறம் பிவிசி பைப்பில் காற்றை அடைத்து வைக்காதீர்கள். தண்ணீர் என்றால் ஒழுகும், காற்று என்றால் சில்லுசில்லாகத் தெறிக்கும். கேஸ் சிலிண்டரை வெட்டுகிற வீடியோக்களைப் பார்த்துவிட்டு யாரும் இங்கே வராதீர்கள். எந்தப் பாத்திரமாக இருந்தாலும் முதல் டெஸ்ட் தண்ணீரை நிரப்பித்தான்.

ஜாலஹள்ளி மாடி

7 பார் கனவை இறக்கி வைத்துவிடுகிறேன். ஆனால் ஒரு கேள்வி. நான் "மெதுவாக" என்று கேட்டது சத்தத்துக்காகத்தான். மெதுவாக ஓடுவதில் வேறு லாபம் உண்டா?

ஓய்வு வாத்தியார்

உண்டு. இரண்டு விதத்தில்.

சாதாரண கம்ப்ரசரில் காற்றை ஒரே அடியில் வேகமாக அமுக்கும்போது அது சூடேறுகிறது. 30 டிகிரிக் காற்றை ஒரே கட்டத்தில் 7 பாருக்கு அமுக்கினால், கணக்குப்படி 280 டிகிரியைத் தாண்டும். டேங்கில் போய் ஆறியதும் அந்தச் சூடு வீண். அதே காற்றைச் சூடு வெளியேற நேரம் கொடுத்து நிதானமாக அமுக்க முடிந்தால், கால்பங்குக்கு மேல் உழைப்பு மிச்சம்.

உங்கள் மெஷினுக்கு அதைவிட இரண்டாவது காரணம்தான் பெரிது. காற்று சூட்டை வாங்குவதில் மகா சோம்பேறி. சூடான தகட்டில் பட்டவுடன் சூடாகிவிடாது, நேரமும் பரப்பும் கேட்கும். வேகமாக ஓட்டினால் காற்று சூடாவதற்கு முன்பே திரும்பிவிடும். அதோடு, குழாய்களிலும் சூடு கடத்தும் மெல்லிய தகட்டுத் துடுப்புகளிலும் காற்றைத் தள்ளுவதற்கான சக்தி வேகத்தின் மூன்றாம் படியில் ஏறும். நிமிடத்துக்கான அசைவுகளை இரட்டிப்பாக்கினால் அந்தச் செலவு ஏறக்குறைய எட்டு மடங்கு. குறைந்த சூட்டு வித்தியாசத்தில் ஓடும் எந்த எஞ்சினும் குண்டாகவும் மந்தமாகவும் இருப்பதற்கு இதுதான் காரணம். 1983ல் ஸாக்ரெப் பேராசிரியர் ஈவோ கோலின் வெந்நீர்ச் சூட்டிலேயே ஓடும் ஸ்டெர்லிங் எஞ்சினை, அதாவது மூடிய காற்றைச் சூடாக்கி ஆறவைத்து ஓடும் எஞ்சினைக் காட்டினார். அதுவும் அகலத் தட்டு மாதிரி இருந்து ஆடி அசைந்துதான் சுற்றியது.

உங்களுக்குப் பொருந்துவது 1939ல் அமெரிக்காவின் வன்னெவர் புஷ் காப்புரிமை வாங்கிய வகை. ஒரு உருளை. மேல்பக்கம் சூடு, கீழ்பக்கம் குளிர்ச்சி. நடுவில் இறுக்கமில்லாமல் ஏறி இறங்கும் ஒரு பெரிய கட்டை, டிஸ்பிளேசர். அது கீழே இறங்கும்போது காற்று சூடான பக்கம் ஓடும், அழுத்தம் ஏறி ஒரு வால்வு வழியாகக் கொஞ்சம் வெளியேறும். கட்டை மேலே போகும்போது காற்று குளிர்ந்த பக்கம் வந்து சுருங்கும், இன்னொரு வால்வு வழியாக வெளிக்காற்று உள்ளே வரும். கொல்லன் துருத்தியில் இருப்பது போலவே ஒரு பக்கம் மட்டும் திறக்கும் மடக்கு வால்வுகள் இரண்டு, அவ்வளவுதான். டிஸ்பிளேசருக்கு இரு பக்கமும் ஒரே அழுத்தம் என்பதால் அதை அசைக்க அதிக பலம் வேண்டாம். பிஸ்டன் வேண்டாம், ரிங் வேண்டாம், லேத் வேண்டாம்.

எண் வேண்டுமென்றால், டிஸ்பிளேசர் ஒரு தடவைக்கு 20 லிட்டர் காற்றை நகர்த்துகிறது, சூடு 90, குளிர்ச்சி 30, ஒரு மீட்டர் தண்ணீருக்கு அடியில் காற்றை விடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் கச்சிதமாக நடந்தால் ஒரு அடிக்கு, அதாவது கட்டை ஒரு தடவை ஏறி இறங்கினால், ஒன்றரை லிட்டர் காற்று வெளியே வரும். நிமிடத்துக்கு 20 அடி என்றால் 30 லிட்டர். செய்வதில் உள்ள குறைகளையெல்லாம் கழித்து 10 லிட்டர் எதிர்பாருங்கள்.

பேனல் பிரியன்

சதவீதத்தையும் சொல்லுங்கள் சார். இவ்வளவுக்கும் எவ்வளவு சூடு உள்ளே போகிறது?

ஓய்வு வாத்தியார்

நீங்கள் கேட்பீர்கள் என்று தெரியும். அந்த 20 லிட்டரை ஒவ்வொரு தடவையும் 60 டிகிரி சூடாக்க சுமார் 420 வாட். கச்சிதமான மெஷினில் வெளியே வரும் வேலை 5 வாட்டுக்குக் கொஞ்சம் கீழே. ஒரு சதவீதம். நடுவில் கம்பிநார் அடைத்து, திரும்பும் காற்றின் சூட்டைப் பிடித்துவைத்தால் உள்ளே போகும் சூடு நன்றாகக் குறையும்.

ஓசூர் குட்டை

நான் ஓசூர்ப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருக்கிறேன், பண்ணைக்குட்டையில் மீனும் விட்டிருக்கிறோம். இந்த விவாதத்தைப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு அடிப்படை விஷயத்தை யாரும் பேசவில்லையே? தண்ணீரில் ஆக்சிஜன் குறைவது பகலில் இல்லை. பகலில் பாசியே ஆக்சிஜன் கொடுத்துவிடும். ராத்திரி அதே பாசியும் மீனும் சேர்ந்து இழுக்கும். விடியற்காலை மூன்று நாலு மணிக்குத்தான் மீன் மேலே வந்து வாயைத் திறக்கும். வெயிலில் ஓடுகிற கம்ப்ரசர் எங்களுக்கு எதற்கு?

பேனல் பிரியன்

மேடம் போட்டார் பாருங்கள் ஒரு போடு.

ஜாலஹள்ளி மாடி

அதற்காகத்தான் அக்கா காற்றை டேங்கில் சேர்த்து வைக்க நினைத்தேன். இப்போது 7 பாரே இல்லை என்றாகிவிட்டது.

ஓய்வு வாத்தியார்

இந்தக் கேள்விக்காக அந்தத் தங்கைக்கு நன்றி. நேற்று ராத்திரி கணக்குப் போட்டுப் பார்த்தேன், விடை எனக்கே பிடித்துவிட்டது.

100 லிட்டர் டேங்கில் 7 பார் காற்று இருந்தால் அதிலிருந்து எடுக்கக்கூடிய வேலை, ஒரு சொட்டு வீணாகாமல் எடுத்தாலும், 30 வாட்-மணி கூட இல்லை. ஸ்கூட்டி பேட்டரியில் 48 இருக்கிறது. காற்றைச் சேமிப்பது கேட்க அழகாக இருக்கும், எடை போட்டால் ஒன்றும் இருக்காது.

இப்போது மாடியில் கிடக்கும் அந்த 200 லிட்டர் வெந்நீர் டேங்கைப் பாருங்கள். பஃப் என்ற நுரை அடைத்தது, சூடு லேசில் வெளியே போகாது. நல்ல வெயில் நாளில் 15 ட்யூப் சுமார் 4 யூனிட் சூடு சேர்க்கும். தண்ணீர் 63 டிகிரியிலிருந்து 80க்கு ஏறுகிறது என்று வையுங்கள், அதுதான் 4 யூனிட். அதில் ஒரு சதவீதம் வேலையாக மாறினால் 40 வாட்-மணி. பாதிதான் கிடைத்தது என்றாலும் அந்த 7 பார் டேங்குக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறோம். மாடியில் ஒரு குண்டை வைக்கத் தேவையில்லை.

அதாவது காற்றைச் சேமிக்காதீர்கள், சூட்டைச் சேமியுங்கள். பகலில் மெஷின் நிற்கட்டும், தண்ணீர் மட்டும் சூடாகட்டும். ராத்திரி பத்து மணிக்கு மெஷினை ஓடவிடுங்கள். 4 யூனிட்டை 420 வாட்டால் வகுத்தால் ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வருகிறது, விடியும்வரை ஓடும். இன்னொரு லாபமும் உண்டு. பகலில் குளிர்ந்த பக்கம் 30 டிகிரிக்குக் கீழே போகாது. பெங்களூர் ராத்திரியில் 20 டிகிரி சர்வசாதாரணம். தண்ணீர் ஆறி வந்தாலும் வித்தியாசம் ஓரளவு தாக்குப்பிடிக்கும்.

கேஜிஎஃப் பேரன்

ஐயா, பிரமாதம்.

பீன்யா பிட்டர்

வாத்தியார் சார் கணக்கு சரி. ஆனால் இரும்பு பேசும்போது வேறு மாதிரி பேசும்.

80 டிகிரி தண்ணீர் டேங்கில் இருக்கிறது என்பதால் டிரம்முக்குள் காற்று 80 டிகிரி ஆகிவிடாது. டிரம்மின் அடித்தட்டு மட்டும் வெந்நீரில் நனைந்தால் என்ன ஆகும்? 30 சென்டிமீட்டர் வட்டத்தகட்டின் வழியாக 20, 30 வாட் போனால் அதிகம். உங்களுக்கு வேண்டியது நூற்றுக்கணக்கில். இங்கேதான் வீட்டில் செய்யும் மாடல்கள் பெரும்பாலும் படுத்துவிடுகின்றன. வெயில் போதவில்லை என்று நினைத்துக் கண்ணாடிமேல் கண்ணாடி வைப்பார்கள். வெயில் ஏராளமாக இருக்கும், காற்றுக்குள் இறங்காது.

பரப்பு வேண்டும். ஜே.சி. ரோட்டில் பழைய கார் ஹீட்டர் கோர் கிடைக்கும், டேஷ்போர்டுக்குள் இருக்குமே, சின்ன ரேடியேட்டர். துடுப்புகளையும் சேர்த்தால் அதற்குள் சதுர மீட்டர் கணக்கில் பரப்பு மடங்கி இருக்கிறது. இரண்டு வாங்குங்கள். ஒன்றில் டேங்க் வெந்நீர், இன்னொன்றில் சம்ப் தண்ணீர். டிஸ்பிளேசர் தள்ளும் காற்று இரண்டின் வழியாகவும் போய்வரட்டும். நடுவில் ஸ்டீல் நார், பாத்திரம் தேய்க்கிற அதே ஸ்க்ரப்பர், நாலைந்து. இதையெல்லாம் டிரம்முக்கு எவ்வளவு ஒட்டி வைக்க முடியுமோ அவ்வளவு ஒட்டி வையுங்கள். இணைப்புக் குழாய்க்குள் சும்மா கிடக்கிற காற்று ஒவ்வொரு லிட்டரும் உங்கள் அழுத்தத்தைத் தின்னும். ஸ்க்ரப்பரை அமுக்கித் திணித்தாலும் காற்று போகாது, தளர விட்டாலும் சூட்டைப் பிடிக்காது. கையில் வைத்து ஊதிப் பார்த்துத்தான் பழக வேண்டும்.

கோரில் பத்துப் பதினைந்து டிகிரி இழப்போம். அதனால் ஒரு மீட்டர் ஆழம் என்பதை மறந்துவிட்டு அரை மீட்டருக்குத் திட்டம் போடுங்கள். பேரலுக்கு அது தாராளம்.

டிஸ்பிளேசருக்குத் தெர்மாகோல் வேண்டாம். எல்லா யூடியூப் மாடலிலும் தெர்மாகோல்தான் வைப்பார்கள், 80 டிகிரி பக்கத்தில் அது குழைந்துவிடும். மெல்லிய ஜி.ஐ. தகட்டில் மூடிய டப்பா செய்து உள்ளே கிளாஸ் வுல் அடைத்துவிடுங்கள்.

ஜாலஹள்ளி மாடி

அண்ணா, வால்வுக்கு மீன்தொட்டிக் கடையில் விற்கிற என்ஆர்வி (காற்றை ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வு) போதுமா? நிறைய வைத்திருக்கிறேன்.

பீன்யா பிட்டர்

போதாது. உங்களிடம் இருக்கிற மொத்த அழுத்தமே 5 கிலோபாஸ்கல் சொச்சம், அதாவது அரை மீட்டர் தண்ணீர் அளவு. அந்தப் பிளாஸ்டிக் என்ஆர்வியில் ஓட்டை ஊசி அளவு, ரப்பரும் கெட்டி. திறப்பதற்கே அது ஒரு பங்கைக் கேட்கும். பழைய எக்ஸ்ரே ஃபிலிமில் இரண்டு விரல் அகலத்துக்கு மடக்கு வெட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஒட்டி, கீழே வழவழப்பான அக்ரிலிக் தகட்டில் பெரிய ஓட்டை போடுங்கள். வாயால் லேசாக ஊதினாலே திறக்க வேண்டும். இழுத்தால் பட்டென்று ஒட்ட வேண்டும். இரண்டும் குளிர்ந்த பக்கத்தில் மட்டும்.

பேனல் பிரியன்

எல்லாம் சரி. டிஸ்பிளேசரை ஏற்றி இறக்குவது யார்? ஒரு சின்ன கியர் மோட்டார் என்பீர்கள். அது 2 வாட் எடுக்கும். வெளியே வருவது நிஜத்தில் 2 வாட். அந்த 2 வாட்டில் நேராக ஒரு மீன்தொட்டி பம்பையே ஓட்டலாமே! சிரிப்பாக இல்லையா?

ஓய்வு வாத்தியார்

சிரிக்கலாம், நியாயமான கேள்வி. கட்டையின் எடையை ஒரு எதிர் எடை போட்டுச் சமன் செய்தால் மோட்டார் தள்ள வேண்டியது காற்றின் உராய்வை மட்டும். அரை வாட்டுக்குள் கொண்டுவரலாம். அதுவும் வேண்டாம் என்றால் மெஷினின் அழுத்த ஏற்ற இறக்கத்தையே வைத்து ஒரு ரப்பர் டயாஃப்ரம் மூலம் கட்டையை அசைக்கலாம், ரிங்பாம் வகை எஞ்சின் அப்படித்தான் ஓடுகிறது. ஆனால் முதல் மெஷினிலேயே அதைச் செய்யப் போனால் எது ஓடவில்லை என்றே கண்டுபிடிக்க முடியாது. முதலில் மோட்டார் வைத்துக் காற்று வருகிறதா பாருங்கள். மோட்டார் எடுக்கும் கரண்டை மீட்டரில் அளந்து, வெளிவரும் காற்றோடு ஒப்பிட்டு இங்கே போடுங்கள். பேனல் நண்பர் ஜெயித்தால் ஜெயிக்கட்டும்.

கேஜிஎஃப் பேரன்

அசையும் பாகமே இல்லாத பம்ப் ஒன்று இருக்கிறதே, ஃப்ளூயிடைன்? தண்ணீரே பிஸ்டன். அதைச் செய்தால் மோட்டார் சண்டையே வராதே.

ஓய்வு வாத்தியார்

1969ல் இங்கிலாந்தின் ஹார்வெல்லில் காலின் வெஸ்ட் கண்டுபிடித்தது. யு வடிவக் குழாயில் தண்ணீர் ஊசலாடும். ஒரு கை சூடு, மறு கை குளிர்ச்சி. இன்னொரு குழாய் அதற்குத் தாளம் போடும். நம் நாட்டிலேயே மெட்டல் பாக்ஸ் கம்பெனி இதைப் பாசனத்துக்காக முயன்று பார்த்தது. குழாயில் மொத்தத் தண்ணீர் நீளம் 2 மீட்டர் என்றால் இரண்டு விநாடிக்கு ஒரு ஆட்டம், அதை நீங்கள் மாற்றவே முடியாது, புவியீர்ப்பு தீர்மானித்தது. திறன் ஒரு சதவீதத்துக்கும் கீழே. ஆனால் அது ஓடும்போது பார்க்க வேண்டும், யாரும் தொடாமல் தண்ணீர் தானாக ஆடிக்கொண்டே மேலே ஏறும். அந்தத் தாளத்தைப் பிடிப்பதுதான் கஷ்டம். நீளங்கள் கொஞ்சம் பிசகினால் இரண்டு ஆட்டம் ஆடி நின்றுவிடும்.

வெயிலில் தண்ணீர் இறைப்பது ஒன்றும் புதிதல்ல. 1615லேயே சாலமன் தெ கோ என்ற பிரெஞ்சுக்காரர், வெயிலில் காற்று விரிந்து நீரூற்றைத் தள்ளும் கருவியைப் படம் வரைந்து வெளியிட்டார். நம் பம்பாயில் 1870களின் கடைசியில் வில்லியம் ஆடம்ஸ் என்ற கோர்ட் அதிகாரி தட்டைக் கண்ணாடிகளை வரிசையாக நிறுத்தி பாய்லரைச் சூடாக்கி, இரண்டரை குதிரைச் சக்தி ஸ்டீம் எஞ்சினால் தண்ணீர் இறைத்தார். அவருக்கு நிலக்கரி விலைதான் போட்டி. நமக்குப் போட்டி பேனல், அது ரொம்பவே கடினமான போட்டி, அதை ஒளிக்க வேண்டியதில்லை.

ஓசூர் குட்டை

எங்கள் குட்டைக்கு இது பத்தாது என்று புரிகிறது, அங்கே தண்ணீரை அடித்துக் காற்றைக் கலக்கும் பேடில் ஏரேட்டர்தான். ஆனால் நாற்றங்கால் பக்கம் சிமெண்ட் தொட்டிகள் இருக்கின்றன. அரை மீட்டர் ஆழம். இந்தக் காற்றை ஒரு குழாயின் அடியில் விட்டால் தண்ணீரையும் மேலே தூக்குமாமே?

ஜாலஹள்ளி மாடி

ஆமாம் அக்கா, ஏர்லிஃப்ட். குழாய் எவ்வளவு ஆழம் முங்கி இருக்கிறதோ கிட்டத்தட்ட அதில் பாதி உயரம் தண்ணீரை வசதியாகத் தூக்கும். அரை மீட்டர் முங்கினால் ஒரு சாண் உயரம் என்று வையுங்கள். தொட்டிக்குத் தொட்டி சுழற்றுவதற்கு அது போதும். அசையும் பாகம் இல்லை, மண்ணும் பாசியும் அடைக்காது. நான் பேரல்களில் இப்போது கரண்ட் பம்பில் அப்படித்தான் ஓட்டுகிறேன்.

ஓசூர் குட்டை

அப்படியென்றால் மீட்டர் கணக்கையும் தொட்டிக் கணக்கையும் சேர்த்தே போடுங்கள் தம்பி. ஜூன் மாசம் மேகம் கட்டியதும் என்ன ஆகிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள். இங்கே எங்களுக்கு அந்த நாலு மாசம்தான் பிரச்சினையே.

பேனல் பிரியன்

மேகம் கட்டினால் பேனலும் குறையும். ஆனால் கொஞ்சமாவது வரும். வெந்நீர் 45 டிகிரியில் நின்றால் இந்த மெஷின் மூச்சே விடாது. அதை மட்டும் சொல்லிவிட்டு நான் இனி வாயை மூடிக்கொள்கிறேன்.

ஓய்வு வாத்தியார்

வாயை மூட வேண்டாம், நீங்கள் சொன்னது உண்மை. 45க்கும் 20க்கும் விகிதம் 1.09 கூட வராது, அதில் கோர் இழப்பும் போனால் விரல் ஆழத் தண்ணீரைத்தான் கிளறும். மழைக்காலத்துக்குக் கரண்ட் பம்ப் இருக்கட்டும்.

ஜாலஹள்ளி மாடி

சரி, முதலில் ட்யூபை எல்லாம் கழற்றிக் கழுவி மாட்டப்போகிறேன். ஒரு வருஷமாக வெறுமனே வெயிலில் கிடக்கிறது.

பீன்யா பிட்டர்

நில்லுங்கள்! காய்ந்த ட்யூப் வெயிலில் 200 டிகிரியைத் தாண்டியிருக்கும். பகலில் அதில் பச்சைத் தண்ணீர் பட்டால் படாரென்று போய்விடும், கையும் போய்விடும். விடியற்காலையில் கழற்றுங்கள், சூரியன் வருவதற்கு முன் தண்ணீர் நிரப்பி முடித்துவிடுங்கள், இல்லாவிட்டால் சாக்கு போட்டு மூடுங்கள்.

ஹீட்டர் கோர் வாங்க சனிக்கிழமை மதியத்துக்கு முன் போங்கள். கடையிலேயே ஒரு பக்கம் அடைத்து, பக்கெட் தண்ணீரில் முக்கி ஊதிப் பாருங்கள். பித்தளைக் கோர் கிடைத்தால் அதை எடுங்கள், ஒழுகினாலும் நாமே ஈயம் பற்றவைக்கலாம். அலுமினியம் ஒழுகினால் தூக்கித்தான் போட வேண்டும். இரண்டும் ஒரே அளவாக இருக்கட்டும், காற்று போகும் டக்ட் வெட்டும்போது நிம்மதியாக இருக்கும்.